கழுவாத படம்

சவ்வாவின் வீட்டுக்குக் குடிவந்த அன்று நல்ல மழை. கிர்கிஸ் மலையூரான காரகோலில் இலை உதிரும் காலத்து மழை பிடித்தால் லேசில் விடாது. மலை எது, மேகம் எது என்றே தெரியாமல் போய்விடும். எர்மெக் மெத்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினான். ஐசுலு ஏழு மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல் ஏறினாள். போன தடவை எட்டாம் மாதத்தில் தவறிப்போன பிள்ளை அவளுக்கு அந்த நிதானத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது.

நீலச் சன்னல் வைத்த பழைய மரவீடு. சவ்வா என்கிற ரஷ்யக் கிழவர் வாழ்நாள் முழுக்க ஊர்க்காரர்களை இங்கேதான் படம் பிடித்தார். அவர் செத்து வெகுகாலம் ஆகிறது. பூட்டிக் கிடந்த வீட்டை, கேமராவும் தட்டுமுட்டுச் சாமானும் அப்படியே இருக்க, அவருடைய சொந்தக்காரி ஒருத்தி இவர்கள் தலையில் கட்டிவிட்டாள். தலையில் கட்டினாள் என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி. அன்றைக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே போட்டோக்காரர்கள். ஏரிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் பழைய கேமராவில் படம் எடுத்துக்கொள்ளப் பறக்கிற காலம் இது.

கதவைத் திறந்ததும் எலிப் புழுக்கையும், படம் கழுவுகிற ஹைப்போ மருந்தும் கலந்த வாடை. வேறு யாராவது என்றால் மூக்கைப் பொத்துவார்கள். ஐசுலு அதை ஆழமாக இழுத்து, "அப்பாடா, நம்ம வீடு" என்றாள்.

கேமரா பின்னறையில் கறுப்புத் துணி போர்த்தி நின்றது. ஓர் ஆட்டுக்குட்டியை உள்ளே படுக்க வைக்கலாம், அவ்வளவு பெரிது. கண்ணாடித் தகட்டுக்காகச் செய்தது. தகடு இப்போது எங்கே கிடைக்கிறது? ஃபிலிம் தாள்தான் கிடைக்கும். தாளோ மெல்லிசு, தகடு போகிற சட்டத்தில் அதைப் போட்டால் தொளதொளவென்று ஆடும், படம் மங்கிப்போகும். அதற்கு ஒரு வழி உண்டு. மூன்று பக்கம் விளிம்பு மடக்கிய மெல்லிய இரும்பு உறை. தாளை அதில் செருகி உறையோடு சட்டத்தில் வைத்துவிட்டால், கேமரா அதைக் கண்ணாடி என்றே நம்பிவிடும்.

சவ்வாவின் இழுப்பறையில் அந்த உறைகள் இருந்தன. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் புத்தம் புதுசு. கிழவர் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, கட்டுக்கம்பியால் சுற்றோ சுற்றென்று சுற்றி, முனையைச் சுத்தியலால் அடித்து நெளித்திருந்தார்.

"ஒரே ஒரு தடவை ஃபிலிம் போட்டுப் பாத்திருக்காரு. பிடிக்கல போல" என்றான் எர்மெக், கம்பியை வெட்டிக்கொண்டே. "திரும்பக் கண்ணாடிக்கே ஓடிட்டாரு."

"வயசானவங்க பிடிவாதம்" என்றாள் ஐசுலு.

பரணில் சவ்வாவின் கண்ணாடி நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. மழை விடாததால் அவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு. ஒவ்வொன்றாகச் சன்னலில் சாய்த்துப் பார்ப்பாள். ராணுவத்துக்குப் போகிற பையன்கள், மணமக்கள், பரிசு வாங்கிய பால்காரிகள். எல்லாம் சுத்தமான வேலை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் உட்கார்ந்திருந்த தகடுகளில் மட்டும், அவர்களுடைய இடது தோள் பக்கம், நுணுக்கி நுணுக்கிப் பென்சில் போட்டிருந்தது. முகத்துச் சுருக்கத்தை மறைக்க டச்சப் செய்வார்கள், அது எல்லா ஸ்டுடியோவிலும் உள்ளதுதான். வெறும் சுவரை எதற்கு மறைக்க வேண்டும்?

பஞ்சில் டர்பென்டைன் தொட்டு ஒரு தகட்டில் பென்சிலைத் துடைத்தாள். அடியில் நிழல் மாதிரி ஓர் உருவம் வெளிப்பட்டது. தலை, தோள், முழங்கால் வரை தொங்குகிற முடி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இன்னொன்றைத் துடைத்தாள். அதே நிழல், அதே பக்கம். வேறு பெண், வேறு வருஷம்.

"துணைக்கு யாரோ நின்னுருப்பாங்க" என்றான் எர்மெக்.

"அப்படின்னா முகம் தெரியணுமே. இந்தப் பழைய தகட்டுக்கு மஞ்சளும் சிவப்பும் கண்ணு தெரியாது. மஞ்சளா எது நின்னாலும் கறுப்பாத்தான் விழும்."

"அப்போ மஞ்சள் கோட்டு போட்ட நர்ஸு."

"தலைலேர்ந்து கால் வரைக்குமா?"

எர்மெக் தோளைக் குலுக்கிவிட்டு டீ போடப் போனான். அவனுக்கு எல்லாமே லேசு. அதற்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். அதற்காகவே சில நாள் அவனை அறையலாம் போலவும் இருக்கும்.

மறுநாள் எர்மெக்கின் அக்கா உல்கான் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ரசாயன டீச்சர். ஒரு கையில் தயிர்ப் பாத்திரம், இன்னொரு கையில் துணியில் சுற்றிய கத்தி. கத்தியை நேராகப் போய்த் தலையணைக்கடியில் செருகினாள். சன்னலோரம் இருந்த தகடுகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இந்தப் பென்சிலை அழிச்சது யாரு?"

"நான்தான்க்கா. அடியில என்ன இருக்குன்னு பாக்க."

"சவ்வா ரஷ்யக்காரரு. அவருக்கே தெரிஞ்சிருக்கு, மூடி வச்சிருக்காரு. நீ கிர்கிஸ்காரின்னு பேரு. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அவளைத் தொறந்து விட்டிருக்க."

"யாரை?"

உல்கான் குரலைத் தாழ்த்தினாள். "அல்பார்ஸ்தி. மஞ்சள் முடிக்காரி."

எர்மெக் சிரித்துவிட்டான். "அக்கா, நீ ரசாயனம் நடத்துறவ."

"பள்ளிக்கூடத்துல நடத்துறேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கற வீட்டுல நடத்தல." அவள் ஐசுலுவின் பக்கம் திரும்பினாள். "கேளு கண்ணு. அவ கழுத்தை நெரிக்க மாட்டா, ரத்தம் குடிக்க மாட்டா. நுரையீரலை எடுத்துக்குவா. பெத்தவளோடதோ பிள்ளையோடதோ, கிடைச்சதை. எடுத்துக்கிட்டு நேரா தண்ணிக்கு ஓடுவா. தண்ணியில அதை அலசறதுக்குள்ள புடிச்சுட்டா பொழைச்சுக்கலாம். அலசிட்டான்னா அவ்வளவுதான். இரும்புன்னா மட்டும் ஆகாது அவளுக்கு."

"அப்போ கவலையே இல்ல, எங்க ஃபிலிம் எல்லாம் இரும்பு உறைக்குள்ளதான் தூங்குது" என்றான் எர்மெக்.

ஐசுலுவும் சிரித்தாள். ஆனால் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. வயிற்றோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பிள்ளைத்தாய்ச்சியைப் படம் எடுக்கக் கூடாது என்று உல்கான் ஒற்றைக்காலில் நின்றாள்.

"போன தடவை ஒரு படம்கூட எடுக்கலக்கா" என்றாள் ஐசுலு. "அது இருந்துச்சுங்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

உல்கான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். தயிர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இருட்டறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. சன்னல் கிடையாது. ஒரு மேசை, தகரத் தொட்டி, அதற்கு மேல் குழாய், சுவரில் சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு. சவ்வாவின் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் அவர் அந்த விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டே வேலை செய்திருப்பார். இவளுடைய ஃபிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கிற ஃபிலிம். ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் பாழ். ஆக, சவ்வாவின் அந்த ஒரு தடவையை விட்டால், அந்த அறையில் முழு இருட்டில் நின்றவள் இவள்தான்.

மழை விட்ட அன்று, பட்டப்பகல் பதினோரு மணிக்குக் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டு, இடுக்கில் துணி அடைத்தாள். இருட்டு கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. எல்லாம் கைப்பழக்கம்தான். இடது பக்கம் உறைகள், வலது பக்கம் ஃபிலிம் பெட்டி. தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும்; அது வலது கை ஆள்காட்டி விரலில் தட்டுப்பட்டால் மருந்துப் பக்கம் மேலே இருக்கிறது என்று அர்த்தம். முதல் தாளை எடுத்தாள், வெட்டைத் தடவினாள், உறைக்குள் சறுக்கினாள். சரக் என்று போய் உட்கார்ந்தது.

அடுத்த தாளுக்குக் கை நீட்டினாள். தாள் விரலுக்குள் வந்தது. வெட்டு சரியாக ஆள்காட்டி விரலடியில். உறைக்குள் சறுக்கினாள். மறுபடி கை நீட்டினாள். மறுபடி வந்தது.

"இப்படி வரிசையாக் குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள், சந்தோஷமாக. வேலை மும்முரத்தில் வாய் தானாகச் சொன்னது.

பிறகுதான் உறைத்தது. எர்மெக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான்.

தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது.

அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை மடக்கினால் எதன்மேலாவது பட்டுவிடுமோ என்று மடக்காமல் நின்றாள். அறையில் ஒரு வாடை; நனைந்த கம்பளியும் புளித்த பாலும் சேர்ந்த மாதிரி. வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கவில்லை. இருட்டில் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், பிள்ளை உதைக்கவில்லை.

அப்புறம் உதைத்தது. பலமாக.

அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. பெட்டியை மூடிக் கதவைத் திறந்தாள். அடுப்படியில் வெயில் விழுந்து கிடந்தது. உல்கான் அக்கா கதை சொன்னால் இப்படித்தான், பெட்டியிலிருந்து நாமே எடுத்தது நினைவில்லாமல் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதை முக்கால்வாசி நம்பவும் செய்தாள்.

சாயங்காலத்துக்குள் வெளிச்சம் போய்விடும் என்று எர்மெக் அவசரப்படுத்தினான். சவ்வாவின் நாற்காலியில், சன்னலைப் பார்த்து, வயிற்றில் இரண்டு கையும் வைத்து அவள் உட்கார்ந்தாள். அவன் சட்டத்தின் மூடியை இழுத்து, ஷட்டரின் ரப்பர் பந்தைக் கையில் எடுத்தான். "மூச்சை அடக்கு" என்றான். அவள் அடக்கினாள், அவன் பந்தை அமுக்கினான். அந்த நேரம் இடது காதோரம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"எர்மெக், கழுவற வரைக்கும் நீ வெளியே கதவுகிட்டயே இரு."

"நான் எங்கே போறேன்? பாட்டுப் பாடிக்கிட்டு நிக்கறேன், போதுமா?"

அவன் பாட்டு கர்ணகடூரம். அன்றைக்கு அது அவளுக்குத் தேவாமிர்தமாக இருந்தது. தாழ்ப்பாள் போடாமல் கதவை மட்டும் சாத்திக்கொண்டாள். இருட்டில் சட்டத்தைத் திறந்து, இரும்பு உறையிலிருந்து ஃபிலிமை உருவி, டெவலப்பர் தட்டில் நழுவவிட்டாள். தட்டை மெல்ல ஆட்டினாள். மேல் உதட்டில் வியர்வை துளிர்த்தது. வெளியே எர்மெக் ஒரு கல்யாணப் பாட்டை இழுத்துக்கொண்டிருந்தான். தட்டு ஆடுகிற தாளத்துக்கு அவளும் கூடவே முனகினாள்.

எர்மெக் நிறுத்தினான். அவளும் நிறுத்தினாள்.

முனகல் நிற்கவில்லை.

அது அவள் இடது தோளுக்குப் பின்னால், வாய் மூடி, பிள்ளையைத் தூங்கப்பண்ணுகிற மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஐசுலுவால் கத்த முடியவில்லை. கைகள் மட்டும் பழக்கத்தில் வேலை செய்தன. ஃபிலிமை எடுத்து, அலசி, ஹைப்போவில் போட்டு, அது தெளிகிற வரை நின்று, விளக்கைப் போட்டாள்.

அறையில் யாரும் இல்லை.

ஃபிலிமை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். நெகட்டிவைப் படிக்க அவளுக்குப் பிரிண்ட் வேண்டியதில்லை. நாற்காலியில் அவள். பின்னால், தோளை ஒட்டி, இன்னொருத்தி. சவ்வாவின் தகட்டுக்குத் தெரியாத மஞ்சள் இந்த ஃபிலிமுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, முகம் முழுசாக. கண் இருந்தது, மூக்கு இருந்தது. வாய் ஒரு தாயின் வாய் மாதிரி பிரியமாக இருந்தது. ஒரு கை ஐசுலுவின் வயிற்றில் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. இன்னொரு கை எதையோ மார்போடு அணைத்திருந்தது. சின்னதாக, பஞ்சு போல, ஈரமாக ஒன்று.

தொட்டியில் குழாய் தானாகத் திறந்துகொண்டது.

ஹைப்போவுக்குப் பிறகு படத்தை ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாத படம் நாளாவட்டத்தில் மஞ்சள் பூத்து அழிந்துபோகும். கழுவிய படம் நம் காலத்துக்கும் நிற்கும். எத்தனையோ வருஷமாகச் செய்வது. அவள் கை ஃபிலிமோடு தானாகவே தண்ணீரை நோக்கிப் போனது. தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே இருக்கும்போதுதான் 'அலசிட்டான்னா அவ்வளவுதான்' என்று உல்கான் சொன்னது நினைவுக்கு வந்தது.

படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவை உதைத்தாள். எர்மெக் திறந்தபோது பனிக்குடம் உடைந்திருந்தது.

பெண் குழந்தை. மாதம் நிறையாமல், கைக்குள் அடங்குகிற அளவில் பிறந்து, வெகுநேரம் அழாமல் கிடந்து, எல்லோரும் கைவிட்ட சமயத்தில் வீல் என்று கத்தியது. துர்சுனாய் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை தங்காத வீட்டில் வைக்கிற பெயர் அது. இவளாவது இருக்கட்டும் என்று கெஞ்சுகிற பெயர்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஐசுலு படத்தை எர்மெக்கிடம் காட்டினாள். ஹைப்போ உப்புப் பூத்து முகங்கள் மங்கியிருந்தன. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஃபிலிம்ல ஏதோ கறை. நீ பயந்துட்ட" என்று தலையைத் தடவிக்கொடுத்தான். அதோடு அவள் பேச்சை முடித்துக்கொண்டாள். எரித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

எரிக்கவில்லை. உல்கான்தான் தடுத்தாள். "அவ கையில இருக்கறதும் சேர்ந்து எரிஞ்சா என்ன பண்ணுவ?"

"வச்சுக்கிட்டு என்னக்கா பண்றது?"

"தண்ணி படாம, இரும்புக்குள்ள வை. உப்பு தானா தின்னு தீர்க்கட்டும். அவ முகம், அவ கை, எல்லாம் போகும். அதுவரைக்கும் பொறு."

இரும்பு உறைக்குள் படத்தைச் செருகி, மற்ற உறைகளுக்கு நடுவில் ஒன்றாக வைத்தாள். இருட்டறைக் குழாய் ஒழுகுகிறது என்று பொய் சொல்லி எர்மெக்கை விட்டுக் குழாயையே வெட்டி அடைக்கச் செய்தாள். பனி விழுந்தது. பிள்ளை பால் குடித்தது, கன்னம் வைத்தது. ஐசுலு எப்போதாவது உறையைத் திறந்து பார்ப்பாள். முகம் பழுப்பேறிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்தாள்.

பிள்ளைக்கு நாற்பது நாள் கழிக்கிற சடங்கு வந்தது. வீடு நிறையப் பெண்கள். எண்ணெயில் பொரித்த அப்பம் மலையாகக் குவிந்தது. நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது வழக்கம். உல்கான் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லி ஊற்றினாள். பிள்ளை கை காலை உதறியது. பெண்கள் சிரித்தார்கள்.

"எர்மெக் எங்கே? பொண்ணு குளிக்கறதப் பாக்க வேணாமா?" என்று கேட்டாள் ஐசுலு.

"இருட்டறையில" என்றாள் ஒருத்தி. "எல்லாரையும் சேத்து ஒரு படம் எடுக்கப் போறானாம். உனக்குச் சொல்லாம எடுக்கணுமாம், நாங்க சொன்னதாச் சொல்லிடாத."

ஐசுலு எழுந்து அந்தப் பக்கம் விரைந்தாள். இருட்டில் எல்லா உறையும் ஒன்றுதான்.

எர்மெக் சட்டங்களை அடுக்கிக்கொண்டு எதிரே வந்தான். "ஒரு உறைக்குள்ள ஏதோ பழைய ஃபிலிம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு ஐசு. நறநறன்னு உப்பு. உருவித் தொட்டி ஓரமாப் போட்டுட்டேன்" என்றான், சிரித்த முகத்தோடு.

வெட்டி அடைத்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

அவனைத் தள்ளிவிட்டு ஓடினாள். இருட்டறைக் கதவு திறந்திருந்தது. அந்த வாடை முகத்தில் அடித்தது. குழாயின் வாய் அடைத்தது அடைத்தபடியே இருந்தது. ஆனால் தொட்டியில் தண்ணீர் ததும்பியது. ஃபிலிம் செங்குத்தாக, யாரோ மேல் ஓரத்தைப் பிடித்திருப்பது போல, தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் பாய்ந்து பற்றினாள். எதிர்ப் பக்கம் இழுத்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், பலமாக, கோபமே இல்லாமல் இழுத்தது. பிறகு விட்டது.

ஐசுலு படத்தோடு தரையில் விழுந்தாள். கீழ்ப்பாதி நனைந்திருந்தது. உப்பும் பழுப்பும் போய் அந்தப் பாதி பளிச்சென்று இருந்தது. வயிற்றில் இறங்கிய கை, மார்போடு அணைத்த கை, அணைத்திருந்த அதில் பாதி. அந்தப் பாதி இனி அழியாது.

பிள்ளையின் அழுகை வீட்டையே தூக்கியது. உயிரோடுதான் இருந்தாள். ஐசுலு அவளை வாங்கி, முகர்ந்து, நகம் நகமாகப் பார்த்தாள். உதடு சிவப்பு, உடம்பு சூடு, பசி கொலைப்பசி. விருந்துக்கு வந்திருந்த பெண் டாக்டரிடம் காட்டினாள். அவள் மடியில் போட்டுத் தட்டிப் பார்த்து, "குதிரைக்குட்டி மாதிரி இருக்கா, உனக்கு என்ன பயம்?" என்று சிரித்தாள். உல்கான் சிரிக்கவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தவள், ஐசுலுவின் முகத்தைப் பார்க்காமலே அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு பிள்ளை அவள் மடியிலேயே குப்புறத் தூங்கியது. முதுகு சீராக ஏறி இறங்கியது. ஐசுலுவுக்கு மனசு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிழைத்துக்கொண்டோம் என்றுகூட நினைத்தாள். ஆசையாகக் குனிந்து பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள்.

வலது பக்கம் மூச்சு, பூனைக்குட்டியின் மூச்சு போல மெத்தென்று போய் வந்தது.

காதை இடது பக்கம் நகர்த்தினாள்.

அங்கே மூச்சு இல்லை. எங்கேயோ வெகு ஆழத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் யாரோ, அவசரமே இல்லாமல், எதையோ அலசிக்கொண்டிருந்தார்கள்.